சொரியாசிஸும் ஸ்டெராய்டுக் களிம்பும்

"டாக்டர், இந்தக் களிம்பிலே ஸ்டெராய்டு இருக்கிறதா?"

தோல் நோய்க்கு மருந்து எழுதிக் கொடுப்பவர்கள் நாள்தோறும் கேட்கும் கேள்வி இது. இருக்கிறது என்று சொன்னால் போதும், கேட்டவரின் முகம் மாறிவிடும். மருந்தை வாங்கிக்கொள்வார், ஆனால் பூசமாட்டார். பூசினாலும் நெற்றியில் சந்தனம் வைப்பதுபோல் ஒரு பொட்டு தொட்டு வைப்பார். அடுத்த மாதம் வந்து, "பூசிப் பார்த்தேன், கேட்கவில்லை" என்பார்.

அப்படி வந்தவர்களில் ஒருவரை நம்மால் மறக்க முடியவில்லை. ஒரு பள்ளியில் சிற்றுண்டிச்சாலை நடத்தி வந்தவர். வயது 50ஐ ஒட்டியிருக்கும். இரண்டு முழங்கைகளிலும் இரண்டு முழங்கால்களிலும் தடித்த திட்டுகள். அவற்றின்மேல் மெழுகுவர்த்தியைச் சுரண்டிவிட்டாற்போல் வெள்ளைச் செதில்கள். அவர் எடுத்துக் கொடுக்கும் நாசி லெமாக் பொட்டலத்தை வாங்கப் பிள்ளைகள் தயங்கினார்கள். ஓர் ஆசிரியர் நேரிலேயே, "அண்ணே, இனிமேல் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வியாபாரம் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டாராம். நம் நாட்டுப் புழுக்கத்தில், அடுப்புக்கு முன்னால், முழுக்கைச் சட்டையோடு நிற்பது எப்படியிருக்கும் என்று நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு குத்தகை தமக்குக் கிடைக்குமா என்பதே அவருடைய கவலை. அவர் கதைக்குப் பிறகு வருவோம். முதலில் அந்த நோய் எது, அவர் அஞ்சிய மருந்து எது என்று பார்த்துவிடலாம்.

நோயின் பெயர் சொரியாசிஸ். சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை என்பர். செதிற்படை என்று சொல்வோரும் உண்டு. அதில் பல வகைகள் இருந்தாலும், பெரியவர்களிடம் மிகுதியாகக் காண்பது திட்டுத் திட்டாக வரும் வகைதான். நம் தோலின் மேற்படலம் ஓயாமல் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. அடியில் பிறக்கும் உயிரணு மேலே வந்து, காய்ந்து, நாம் அறியாமலே உதிர்ந்துபோக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் வந்த இடத்தில் அதே பயணம் சில நாட்களில் முடிந்துவிடுகிறது. முதிராத அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து செதிலாகின்றன. இரத்தத்திலுள்ள வெள்ளையணுக்களில் சில, எதிரியே இல்லாத இடத்தில் எதிரி புகுந்துவிட்டதாக எண்ணித் தோலுக்குள் இறங்கி அழற்சியை மூட்டிவிடுவதே இதற்குக் காரணம். பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. ஆனால் இது தொற்றுநோய் அன்று. ஒரே தட்டில் உண்டாலும் ஒட்டாது. ஒரே பாயில் படுத்தாலும் ஒட்டாது.

பழங்காலத்தில் இதைத் தொழுநோயோடு சேர்த்து எண்ணினார்கள். இரண்டும் வேறு வேறு என்று 1841இல் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் வியன்னா நகரத்து மருத்துவர் ஃபெர்டினான்ட் ஃபொன் ஹெப்ரா. ஆனால் மருத்துவ நூலில் பிரிந்தது மக்கள் மனத்தில் பிரியவில்லை. சுங்கை பூலோவில் 1930இல் தொழுநோயாளிகளுக்கென்று தனிக் குடியிருப்புத் திறக்கப்பட்ட நாடு நம்முடையது. தோலில் ஒரு திட்டைக் கண்டதும் ஓரடி விலகி நிற்கும் வழக்கம் அந்தக் காலத்து அச்சத்தின் மிச்சம் என்றே நமக்குத் தோன்றுகிறது. தொழுநோயே இன்று மருந்தால் குணமாகிவிடுகிறது. விலகி நிற்பது மட்டும் நின்றபாடில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சொரியாசிஸ் திட்டு சிவப்பாக இருக்கும் என்று நூல்களில் எழுதியிருப்பார்கள். அது வெள்ளைக்காரர் தோலைப் பார்த்து எழுதியது. நம்மவர் தோலில் அது கருஞ்சிவப்பாகவோ, ஊதா கலந்த பழுப்பாகவோ, சாம்பல் பூத்தாற்போலவோ தெரியும். திட்டு ஆறிய பிறகு அந்த இடம் சில மாதங்களுக்கு வெளுத்தோ கறுத்தோ நிற்பதும் உண்டு. உடனே, "களிம்பு தோலைச் சுட்டுவிட்டது" என்று பயந்துபோகிறார்கள். கடுமையான ஸ்டெராய்டைத் தொடர்ந்து பூசினால் தோல் வெளுக்கலாம் என்பது உண்மையே. ஆயினும் பெரும்பாலும் அது நோய் விட்டுப்போன தடம்தான். மெல்ல மெல்லத் தானே மாறும். இதை அறிய ஒரு வழி இருக்கிறது. நிறத்தைப் பார்க்காதீர்கள், விரலால் தடவிப் பாருங்கள். தடிப்பும் செதிலும் இல்லாமல் சுற்றியுள்ள தோலைப்போல் வழவழவென்று இருந்தால் அங்கே நோய் அடங்கிவிட்டது. நிறத்தைச் சரிசெய்வதற்காக அங்கே மேலும் மேலும் களிம்பு பூச வேண்டியதில்லை.

இனி மருந்துக்கு வருவோம். சிறுநீரகங்கள் இரண்டின் உச்சியிலும் தொப்பி வைத்தாற்போல் அட்ரினல் சுரப்பிகள் அமைந்துள்ளன. அவை நாள்தோறும் கார்ட்டிசால் என்னும் ஸ்டெராய்டைச் சுரக்கின்றன. அது இல்லாமல் நாம் உயிர்வாழ முடியாது. ஆகவே ஸ்டெராய்டு உடலுக்கு அந்நியமான பொருள் அன்று. விளையாட்டு வீரர்கள் தசையை வளர்க்கத் திருட்டுத்தனமாக ஊசி போட்டுக்கொள்வதாகச் செய்தித்தாளில் படிக்கிறோமே, அந்த ஸ்டெராய்டு வேறு. அது இந்தக் குடும்பத்தின் தூரத்து உறவு.

அமெரிக்காவில் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த ஃபிலிப் ஹென்ச், எட்வர்ட் கெண்டல் ஆகியோர் 1948இல் கார்ட்டிசோன் ஊசியால் மூட்டுவாத நோயாளி ஒருவரை எழுந்து நடக்கச் செய்தார்கள். 1950இல் அவர்களோடு ரைக்ஸ்டைன் என்பவருக்கும் சேர்த்து நோபெல் பரிசு கிடைத்தது. அந்தக் கார்ட்டிசோனைத் தோலில் பூசினால் பயனில்லை. அதன் உடன்பிறப்பான ஹைட்ரோகார்ட்டிசோன்தான் தோலில் வேலை செய்கிறது என்று 1952இல் சல்ஸ்பெர்கர், விட்டன் என்ற இரு மருத்துவர்கள் காட்டினார்கள். ஆனால் தடித்த சொரியாசிஸ் திட்டுக்கு அதன் வலிமை போதவில்லை. அதன் அமைப்பில் ஃபுளோரின் முதலியவற்றைச் சேர்த்து வேதியியலார் செய்தவைதான் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் முதலியன. இவை தோலின் அணுவுக்குள் நுழைந்து அழற்சியை மூட்டும் செய்திகளை அடக்குகின்றன. விரிந்த இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தாறுமாறாகப் பெருகிய அணுக்கள் நிதானத்துக்கு வருகின்றன. நோயின் வேரை இவை அறுப்பதில்லை. அடக்கி வைக்கின்றன. இதை முதல் நாளே நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும் என்பது நம் கருத்து. சொல்லாமல் விட்டால், திட்டு மீண்டும் வரும்போது அவர் மருந்தையும் நம்பமாட்டார், மருத்துவரையும் நம்பமாட்டார்.

ஸ்டெராய்டுக் களிம்புகளை வலிமைக்கேற்ப நான்கு படிகளாகப் பிரிப்பது பிரிட்டிஷ் முறை. மென்மையான படியில் ஹைட்ரோகார்ட்டிசோன். நடுத்தரப் படியில் குளோபெட்டசோன். வலிய படியில் பீட்டாமெத்தசோன் வேலரேட், மொமெட்டசோன். மிக வலிய படியில் குளோபெட்டசால். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் டியூபில் 1 விழுக்காடு என்று அச்சிட்டிருக்கும். குளோபெட்டசால் டியூபிலோ 0.05 விழுக்காடு. எண்ணைப் பார்த்துவிட்டு, பின்னதுதான் லேசானது என்று முடிவு செய்துவிடுகிறார்கள்! உண்மையில் குளோபெட்டசால் பல நூறு மடங்கு வலிமை உடையது. ஒரு கூடை குடைமிளகாயும் ஒரேயொரு சிலி பாடியும் ஒன்றாகுமா? எடையா காரத்தைச் சொல்கிறது? 1962இல் மெக்கென்சி, ஸ்டௌட்டன் ஆகிய இருவர் ஸ்டெராய்டை முன்கையில் தடவி, தோல் எவ்வளவு வெளிறுகிறது என்று பார்த்து வலிமையை அளக்க வழி கண்டார்கள். படிகளைப் பிரிக்க உதவியது அந்த முறைதான்.

மருந்தின் வலிமை பாதிக் கணக்கு. பூசும் இடம் மீதிக் கணக்கு. 1967இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முன்கைத் தோல் ஒரு பங்கு ஹைட்ரோகார்ட்டிசோனை உறிஞ்சினால், நெற்றி ஆறு பங்கும், தாடைப் பகுதி 13 பங்கும், ஆண்களின் விதைப்பைத் தோல் 40 பங்குக்கு மேலும் உறிஞ்சுவதாகக் கண்டார்கள். உள்ளங்காலோ ஏழில் ஒரு பங்குதான். ஆகவே முழங்கைக்கு எழுதிக் கொடுத்த மருந்தை முகத்தில் பூசுவது, முழங்கைக்கு ஒரு டியூபும் முகத்துக்கு ஆறு டியூபும் பூசியதற்குச் சமம். முகம், கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடிமடிப்பு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் மென்மையான படியோ நடுத்தரப் படியோ, அதுவும் சில நாட்களுக்கு மட்டுமே. முழங்கை, முழங்கால், முதுகு, கை கால்கள் ஆகியவற்றுக்கு வலிய படி தேவைப்படும். அங்கே மென்மையான களிம்பைப் பூசிக்கொண்டிருப்பது, பாராங் கத்தி தேவைப்படும் இடத்தில் பழம் நறுக்கும் கத்தியை வைத்துக்கொண்டு நிற்பதைப் போன்றது.

எவ்வளவு பூசுவது? "கொஞ்சமாகப் பூசுங்கள்" என்று டியூபோடு வரும் தாளில் போட்டிருக்கும். கொஞ்சம் என்பது ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வோர் அளவு. பிரிட்டனில் லாங், ஃபின்லே என்ற இரு மருத்துவர்கள் 1991இல் இதற்கு ஓர் எளிய அளவைக் கொடுத்தார்கள். பெரியவரின் சுட்டு விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புக் கோடு வரை, சாதாரண டியூபிலிருந்து ஒரு வரி களிம்பைப் பிதுக்குங்கள். அது ஏறக்குறைய அரை கிராம்; பெண்களின் விரலில் சற்றுக் குறைவு. அந்த ஒரு விரல் நுனி மருந்து, விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கை அகலமுள்ள இடத்துக்குப் போதும்.

இப்போது சிற்றுண்டிச்சாலைக்காரரின் கணக்கைப் பார்ப்போம். அவருடைய திட்டுகளை எல்லாம் சேர்த்தால் நான்கு உள்ளங்கை அகலம் வரும். இரண்டு விரல் நுனி மருந்து வேண்டும். அதாவது ஒரு வேளைக்கு ஒரு கிராம். நாளுக்கு ஒரு முறை பூசினாலும் மாதத்துக்கு 30 கிராம். நாம் கொடுத்த 15 கிராம் டியூபை அவர் ஆறு மாதம் வைத்திருந்தார்! மாதத்துக்கு இரண்டரை கிராம். வேண்டியதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. "கேட்கவில்லை" என்றார். எப்படிக் கேட்கும்? ஆனால் தவறு அவருடையது மட்டும் அன்று. நாமும் அன்று விரலை நீட்டிக் காட்டவில்லை. நாளைக்கு இரு முறை பூசுங்கள் என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டோம்.

அவர் ஏன் அஞ்சினார்? அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. வலிய ஸ்டெராய்டை ஒரே இடத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் சிகரெட் தாளைப்போல் மெலிந்துவிடும். இரத்தக் குழாய்கள் சிலந்தி வலைபோல் தெரியும். இலேசாகத் தட்டினாலே கன்றிப்போகும். தொடையிலும் அக்குளிலும் பிரசவத் தழும்பைப்போல் கோடுகள் விழும், அவை மறைவதில்லை. முகத்தில் பருக்களும் வாயைச் சுற்றிக் கொப்புளங்களும் வரும். கண்ணிமையில் நீண்ட நாள் பூசினால் கண்ணின் உள்ளழுத்தம் கூடும். உடல் முழுவதும் ஏராளமாகப் பூசினால் மருந்து இரத்தத்தில் கலந்து அட்ரினல் சுரப்பியையே தூங்க வைத்துவிடலாம். குளோபெட்டசாலை வாரத்துக்கு 50 கிராமுக்கு மேல் பூசக்கூடாது என்பது அதனால்தான்.

இவற்றைத் தவிர்க்கக் காலக் கணக்கு இருக்கிறது. மிக வலிய படியை ஒரே இடத்தில் இரண்டு முதல் நான்கு வாரங்கள். வலிய படியை எட்டு வாரங்களுக்கு மேல் இடைவிடாமல் பூசலாகாது. திட்டு தட்டையானதும் ஒரே நாளில் நிறுத்திவிடாமல், ஒன்றுவிட்டு ஒருநாள், பிறகு வாரத்துக்கு இருநாள் என்று குறைத்துக்கொண்டு வருவது நல்லது. சட்டென்று நிறுத்தினால் திட்டு முன்னிலும் மூர்க்கமாகத் திரும்பி வரக்கூடும். இடையில் சில வாரங்கள் தோலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். அந்த ஓய்வுக் காலத்தில் கால்சிபொட்ரியால் என்னும் வைட்டமின் டி வகைக் களிம்பு கைகொடுக்கும். அதையும் பீட்டாமெத்தசோனையும் ஒரே டியூபில் சேர்த்தும் விற்கிறார்கள். பலருக்கு அது நன்றாகவே கேட்கிறது. தடித்த செதில் இருந்தால் சாலிசிலிக் அமிலம் கலந்த ஸ்டெராய்டு களிம்பு செதிலைக் கரைத்து வழிவிடும். ஆனால் சாலிசிலிக் அமிலம் பட்டால் கால்சிபொட்ரியால் கெட்டுவிடும்; இரண்டையும் ஒன்றாகப் பூசாதீர்கள்.

தோலை வறளவிடாமல் வைத்திருக்கும் சாதாரணக் களிம்பை எல்லோரும் பூச வேண்டும். அதற்கும் ஸ்டெராய்டுக்கும் இடையே அரை மணி நேரம் விடுங்கள். பாரஃபின் கலந்த களிம்பு ஊறிய துணி எளிதில் தீப்பற்றும். கேஸ் அடுப்பின் முன்னும், வீட்டில் விளக்கேற்றும்போதும், கோயிலில் கற்பூரத் தட்டின் அருகிலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு நல்லதா, கிரீம் நல்லதா என்றும் கேட்கிறார்கள். தடித்த திட்டுக்குள் இறங்குவதில் முன்னதே சிறந்தது. ஆனால் பகலில் சட்டையோடு பிசுபிசுவென்று ஒட்டுகிறது என்று பூசாமல் விடுவதைவிட, பகலில் கிரீமும் இரவில் களிம்புமாகப் பூசுவது மேல்.

சொரியாசிஸ்தான் என்று மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் எதையும் பூசக்கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. படர்தாமரையும் வட்டமாக, செதிலோடுதான் வரும். அதன்மேல் ஸ்டெராய்டைப் பூசினால் அரிப்பு அடங்கும். பூஞ்சையோ சுகமாகப் படரும். தமிழ்நாட்டுக்குப் போய் வருகிறவர்கள் புடவையோடும் முறுக்கோடும் சேர்த்துப் பத்து டியூப் களிம்பு வாங்கி வருவதைக் காண்கிறோம். ஸ்டெராய்டு, பூஞ்சை மருந்து, கிருமிக்கொல்லி மூன்றையும் ஒன்றாகக் கலந்தவை அவற்றில் பல. இந்திய அரசே 2018இல் ஸ்டெராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்ற பட்டியலில் சேர்த்தது.

இனி நம் சிற்றுண்டிச்சாலைக்காரர். களிம்பு கேட்கவில்லை என்றதும் அவர் நம்மிடம் வருவதை நிறுத்திவிட்டார். இரவுச் சந்தையில் ஒருவர், "முழுக்க முழுக்க வேர், இலை, ஸ்டெராய்டு துளியும் இல்லை" என்று சொல்லி மாத்திரைக் குப்பி ஒன்றை விற்றிருக்கிறார். பத்தே நாளில் திட்டுகள் மறைந்தன. அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கடையில் நின்றார். முகம் உருண்டு, கன்னம் பூரித்தது. "உடம்பு நன்றாகத் தேறிவிட்டதே!" என்று எல்லோரும் பாராட்டினார்கள். நான்கு மாதம் கழித்து விற்றவர் சந்தைக்கு வரவில்லை. மாத்திரை நின்றது. இரண்டு வாரத்துக்குள் கடுங்காய்ச்சல். உடல் முழுவதும் தோல் கொதித்துச் சிவந்து, கடுகு கடுகாகச் சீழ்க் கொப்புளங்கள். எழுந்து நிற்க முடியாதபடி களைப்பு. மருத்துவமனையில் மூன்று வாரம் கிடந்தார். சர்க்கரையும் ஏறியிருந்தது. மிச்சமிருந்த மாத்திரையைச் சோதித்துப் பார்த்ததில் அதில் இருந்தது டெக்ஸாமெத்தசோன். ஸ்டெராய்டுதான்! தோலில் ஒரு கிராம் பூச அஞ்சியவர், அதைத் தெரியாமலே நாள்தோறும் விழுங்கியிருக்கிறார்.

சொரியாசிஸ் உள்ளவர் ஸ்டெராய்டை மாத்திரையாக உண்டு திடீரென்று நிறுத்தினால் இப்படிச் சீழ்க்கொப்புள வகையாக மாறக்கூடும். அது உயிருக்கே ஆபத்தானது. நாட்டு மருந்து என்ற பெயரில் டெக்ஸாமெத்தசோன் கலந்து விற்கப்படும் பொருள்களைப் பற்றி மலேசிய, சிங்கப்பூர்ச் சுகாதார அதிகாரிகள் பலமுறை எச்சரித்திருக்கிறார்கள். மலேசியாவில் பதிவுபெற்ற மருந்தின் உறையில் எம், ஏ, எல் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் அவற்றைத் தொடர்ந்து எண்களும் இருக்கும். பாரம்பரிய மருந்தானால் இறுதியில் டி என்ற எழுத்து வரும். அதைத் தேடிப் பாருங்கள். இந்தப் பேச்சைக் கேட்கும் யாரேனும் அப்படிப்பட்ட மாத்திரையை இப்போது உண்டுகொண்டிருந்தால், பயந்துபோய் இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். சுரப்பி தூங்கிப் போயிருக்கும். திடீர் நிறுத்தமே ஆபத்து. குப்பியைக் கையோடு எடுத்துக்கொண்டு நாளைக் காலையிலேயே கிளினிக்குக்குப் போங்கள். விரல் மூட்டுகளில் காலை நேரத்தில் வீக்கமும் விறைப்பும் இருந்தால் அதையும் அங்கே சொல்லுங்கள். சொரியாசிஸ் மூட்டையும் தாக்கும். அதற்குக் களிம்பு போதாது. திட்டுகள் உடலில் பரவலாக இருந்தாலும் ஒளிச் சிகிச்சை, வேறு மாத்திரைகள், ஊசிகள் என்று வழிகள் உள்ளன.

அவருக்குச் சிற்றுண்டிச்சாலைக் குத்தகை அடுத்த ஆண்டு கிடைக்கவில்லை. இப்போது வீட்டுக்கு அருகே சாலையோரத்தில் தோசைக் கடை வைத்திருக்கிறார். முழங்கையில் திட்டு மீண்டும் வந்தது, வரத்தான் செய்யும். இம்முறை அவருடைய துணைவியாரையும் உடன் அழைத்துவரச் சொல்லி, இருவருக்கும் எதிரில் சுட்டு விரலில் களிம்பைப் பிதுக்கிக் காட்டினோம். எந்த நாளில் தொடங்கினோம், எந்த நாளில் குறைக்க வேண்டும் என்று வீட்டு நாட்காட்டியில் அந்த அம்மையார் குறித்து வைக்கிறார். போன தடவை வந்தபோது முழங்கையை நம்மிடம் நீட்டி, "தடவிப் பாருங்கள் டாக்டர்" என்றார். வழவழவென்றுதான் இருந்தது. வாரத்துக்கு இருநாள் என்று குறைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினோம்.